வெள்ளை சோஃபா சான்பாடாவுக்குச் சரிப்படுமா? வீட்டு அலங்கார ட்ரெண்டும் பக்கத்துக் கடைகளும்

2026-ம் ஆண்டின் நிறம் வெள்ளை. சொன்னது பான்டோன். மேகம் போன்ற ஒரு வெள்ளைக்கு 'கிளவுட் டான்சர்' என்று பெயர் வைத்து, 2025 டிசம்பரில் அந்த அமெரிக்க நிறுவனம் அறிவித்தது. அதிலிருந்து வெள்ளைச் சுவர், வெள்ளைத் திரை, வெள்ளை சோஃபா என்று உங்கள் போன் திரையிலும் கொஞ்சம் வந்து போயிருக்கும்.

இப்போ சான்பாடாவுக்கு வாங்க. ஒரு பக்கம் சயான்-பன்வேல் நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் பாம் பீச் ரோடு. நடுவில் ஏதோ ஒரு பழைய கட்டடம் இடிபடும், இல்லையென்றால் புதுசாக ஒன்று எழும்பும். காலையில் துடைத்த பால்கனி கம்பியில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அந்த நாலு மாதமும் துவைத்த துணி ஹாலுக்குள்தான் காயும். இந்த வீட்டில் வெள்ளை சோஃபாவை யார் துடைப்பது?

இது வாங்குபவரின் கேள்வி மட்டும் இல்லை. அந்த சோஃபாவை நம்பி முதல் போட்டுவிட்டு, ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கடைக்காரரின் கேள்வியும்தான். உங்கள் அப்பாவோ மாமாவோ செம்பூரிலோ வாஷியிலோ மரச்சாமான், திரைச்சீலை, பெயிண்ட் கடை வைத்திருந்தால், இது உங்கள் வீட்டுக் கேள்வியாகவும் இருக்கலாம்.

நிறத்தை முடிவு செய்வது யார்?

பான்டோன் சோஃபா விற்கும் நிறுவனம் இல்லை. அச்சகத்துக்கும் துணி ஆலைக்கும் நிற எண் கொடுத்து, அந்த நிற அட்டைப் புத்தகங்களை விற்கும் நிறுவனம். திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டர் பார்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பான்டோன் எண் இல்லாமல் சாயப்பட்டறையில் வேலை நகராது. 'ஆண்டின் நிறம்' என்ற அறிவிப்பை அவர்கள் 2000-ம் ஆண்டுக்காகத் தொடங்கினார்கள். முதல் நிறம், வானத்து நீலமான செருலியன். 2024-க்கு பீச் பழ நிறம், 2025-க்கு 'மோக்கா மூஸ்' என்ற காபிப் பழுப்பு, 2026-க்கு வெள்ளை.

நம் ஊரிலும் இது உண்டு. 1942-ல் மும்பையில் தொடங்கிய ஏஷியன் பெயிண்ட்ஸ், 2003-லிருந்து 'கலர்நெக்ஸ்ட்' என்ற பெயரில் வருடா வருடம் நிறங்களையும் போக்குகளையும் கணித்து வெளியிடுகிறது. 2024-க்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது 'டெர்ரா'. நம் பாஷையில் சொன்னால் செம்மண்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. துணி ஆலை, பெயிண்ட் கம்பெனி, ஓடு தயாரிப்பாளர், விளக்கு தயாரிப்பாளர் எல்லாரும் ஒரே திசையில் பொருள் செய்தால்தான் கடையில் அவை ஒன்றோடொன்று பொருந்தும். அதற்கு யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில். நிறம் வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறது. சோஃபாவை நாம் பத்து வருடம் வைத்திருக்கிறோம். கோத்ரெஜ் பீரோ என்றால் கேட்கவே வேண்டாம், அம்மா கல்யாணத்துக்கு வந்தது இன்னும் பூட்டித் திறக்கிறது.

அதனால் ட்ரெண்டை எந்தப் பொருளில் ஏற்றுவது, எதில் ஏற்றக்கூடாது என்பதில்தான் கடையின் லாபமும் நஷ்டமும் இருக்கிறது.

ஒரே ஸ்டேஷன் தூரத்தில் ஐக்கியா

சான்பாடாவில் இந்தப் பேச்சை எடுத்தால், அடுத்த வாக்கியத்தில் ஐக்கியா வந்துவிடும். தானே பக்கம் போகும் டிரான்ஸ்-ஹார்பர் ரயிலில் அடுத்த ஸ்டேஷன் துர்பே. அங்கேதான் 2020 டிசம்பர் 18-ம் தேதி இந்தியாவில் ஐக்கியாவின் இரண்டாவது கடை திறந்தது. சுமார் 5.3 லட்சம் சதுர அடி. முதல் கடை 2018 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் வந்தது. ஒரு வேடிக்கை: துர்பே கடை திறந்த அதே மாதம்தான், 1951-லிருந்து அச்சடித்து வந்த தன் புகழ்பெற்ற கேட்டலாக்கை இனி போடப்போவதில்லை என்று ஐக்கியா அறிவித்தது. மக்கள் புத்தகத்தைப் புரட்டுவதை நிறுத்திவிட்டார்கள் என்பது காரணம்.

இவ்வளவு பெரிய கடைக்குப் பக்கத்தில் 400 சதுர அடி கடை எப்படிப் பிழைக்கும்? விலையில் மோதினால் பிழைக்காது. ஹைதராபாத்தில் திறந்தபோதே 200 ரூபாய்க்குக் கீழே ஆயிரம் பொருட்கள் என்று அறிவித்தவர்கள் அவர்கள். ஆனால் அவர்கள் இந்தியாவுக்குள் வந்த விதத்தில் சின்னக் கடைக்கு ஒரு பாடம் இருக்கிறது. அது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

ஹைதராபாத் கடையைத் திறப்பதற்கு முன்னால் சுமார் 1,000 இந்திய வீடுகளுக்குள் போய்ப் பார்த்ததாக ஐக்கியா சொன்னது. நிறத்தை விடுங்கள், அவர்கள் மாற்றியவற்றைப் பாருங்கள். இந்தியப் பெண்களின் சராசரி உயரத்துக்கு ஏற்ப சில அலமாரிகளையும் சமையல் மேடைகளையும் தாழ்த்தினார்கள். சொந்தக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள் என்று தெரிந்ததும் மடக்கு நாற்காலியையும் ஸ்டூலையும் கூட்டினார்கள். தேங்காய் நார் வைத்த மெத்தை வந்தது. பிரஷர் குக்கர், இட்லிப் பாத்திரம், மசாலா டப்பா வந்தன. குழந்தைகளுக்கான பிளாஸ்டிக் ஸ்பூன்-கத்தி செட்டில் இருந்து கத்தி போய்விட்டது, நாம் குழந்தைக்கு எங்கே கத்தி கொடுக்கிறோம்? உலகம் முழுக்க 'நீயே வீட்டில் பூட்டிக்கொள்' என்று சொல்லும் நிறுவனம், இங்கே பூட்டித் தர ஆள் வைத்ததோடு, அன்றைய அர்பன்கிளாப்போடும் கைகோத்தது.

ஸ்வீடன் பாணி என்று விளம்பரத்தில் சொன்னார்கள். உள்ளே நடந்தது வீட்டு ஆராய்ச்சி.

சரி, 1,000 வீடு பார்க்க சின்னக் கடைக்கு வசதி ஏது என்று கேட்கலாம். அவர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். கட்டில் டெலிவரி செய்யும் பையன், திரை மாட்டும் ஃபிட்டர், கிச்சன் டிராலி பொருத்தும் ஆசாரி என்று மாதத்துக்கு 30, 40 வீட்டுக்குள் கடையின் ஆள் போய் வருகிறார். எந்த பில்டிங்கில் லிஃப்ட் சின்னது, எந்த சொசைட்டியில் மத்தியானம் டிரில் அடிக்க விடமாட்டார்கள், எந்த டைப் ஃபிளாட்டில் ஜன்னலுக்குக் கீழே தண்ணீர் கசியும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். திரும்பி வந்ததும் கடைக்காரர் அவரிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பேமென்ட் வாங்கிட்டியா?"

அந்த இடத்தில் இன்னும் இரண்டு கேள்வி கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தால், சான்பாடாவைப் பற்றி துர்பே கடைக்கே தெரியாத தகவல் ஆறு மாதத்தில் கையில் இருக்கும். எது உள்ளே போகவில்லை? வீட்டுக்காரர் எதைப் பார்த்து முகம் சுளித்தார்? இவ்வளவுதான் ஆராய்ச்சி.

12 அங்குலத்தின் விலை

மும்பையில் எல்லாமே கடைசியில் அளவில் வந்து நிற்கிறது. குடிசை மாற்றுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு முதலில் 225 சதுர அடி. பிறகு 269, அப்புறம் 300. தாராவி மறுசீரமைப்பில் தகுதியுள்ளவர்களுக்குச் சொல்லியிருப்பது 350. நீங்கள் சான்பாடாவில் 1 பிஎச்கே, 2 பிஎச்கே என்று இன்னும் வசதியாக இருக்கலாம். ஆனால் புரோக்கர் சொன்ன அளவு வேறு, தரையில் கிடக்கும் அளவு வேறு. 2016-ம் ஆண்டின் ரெரா சட்டம் 'கார்பெட் ஏரியா'வுக்கு விளக்கம் கொடுத்துவிட்டது: வீட்டுக்குள் புழங்கும் தரையும் உள் தடுப்புச் சுவர்களும் மட்டும்தான் கணக்கு. வெளிச்சுவர், பால்கனி எதுவும் அதில் சேராது. சாமான் வாங்கும்போது உங்களுக்கு வேண்டிய எண் அதுதான். அதிலும் அறைவாரியாக.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பெட்ரூம் 10-க்கு 10 அடி, அதாவது 120 அங்குலம். ரீல்ஸில் பார்த்த கிங் சைஸ் கட்டில் வேண்டும், மெத்தை அகலம் 72 அங்குலம். அதை ஒரு பக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டால் மிச்சம் 48. எதிர்ச்சுவரில் வார்ட்ரோப், ஆழம் 24. நடுவில் நடக்க மிஞ்சுவது 24 அங்குலம். வார்ட்ரோப் கதவு ஒன்று 18 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திறந்தால் நீங்கள் நிற்க இடமில்லை, கட்டில் மேல் ஏறி உட்கார்ந்துதான் சட்டை எடுக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் பக்கவாட்டு டிராயர் வைத்து வாங்கியிருந்தால் அதுவும் பாதிதான் வெளியே வரும். கட்டில் சட்டத்தின் தடிமனை நான் இதில் சேர்க்கவே இல்லை.

அதே அறையில் 60 அங்குல குயின் சைஸ் போட்டால் நடுவில் 36 அங்குலம் கிடைக்கும். கதவு திறக்கும். டிராயர் வரும். காலையில் இரண்டு பேர் ஆபீஸ் கிளம்பும்போது இடிக்காமல் நகரலாம். வித்தியாசம் 12 அங்குலம்தான்.

கிங் சைஸே வேண்டும் என்றால் வழி இருக்கிறது. தள்ளு கதவு வார்ட்ரோப், மேல்நோக்கித் திறக்கும் ஹைட்ராலிக் கட்டில். இதை ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டும் விற்பனையாளரிடம் வாடிக்கையாளர் பேரம் பேசுவது குறையும். 'மோக்கா கலர்ல புதுசா வந்திருக்கு சார்' என்பவரிடம் பேரம் கூடும். நிறம் அடுத்த கடையிலும் கிடைக்கும். உங்கள் பெட்ரூமின் 12 அங்குலத்தைப் பற்றிப் பேசுபவர் அடுத்த கடையில் இருப்பாரா என்பது சந்தேகம்தான்.

வளைந்த சோஃபா இப்போது எல்லா ஷோரூமிலும் கண்ணைப் பறிக்கிறது. 600 சதுர அடி ஃபிளாட்டில் அது மூலையை வீணாக்கும் ஒரு சாமான். என் அபிப்பிராயம் இது. வளைவு வேண்டும் என்றால் டீப்பாயில் வைத்துக்கொள்ளலாம், குழந்தை நெற்றியில் இடித்துக்கொள்ளாமலாவது இருக்கும்.

11 மாத வீட்டில் எந்த ட்ரெண்ட் தங்கும்?

இளம் வயதில் மும்பைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இந்தப் பகுதியை அனுபவத்தில் படிப்பார்கள். வாடகை வீடு, 11 மாத 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தம், பிறகு புதுப்பிப்பு அல்லது வேறு வீடு. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999-ன்படி இந்த ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் ஆக வேண்டும். பதிவு செய்வது வீட்டுக்காரரின் பொறுப்பு. ஒப்பந்தத்தில் சுவரில் ஆணி அடிப்பது பற்றி ஒரு வரி இருக்கும். இல்லாவிட்டாலும் காலி செய்யும் நாளில் டெபாசிட்டில் அது தெரியும்.

அப்போது சுவரை ஒட்டிய ஃப்ளூட்டட் பேனல், ஃபால்ஸ் சீலிங், ஒரு சுவருக்கு மட்டும் அடர் நிறம் என்று இந்த வருட அலை கொண்டுவருவதில் பாதி, வாடகைக்காரருக்கு இல்லை. அவருக்கு வேண்டியது கழற்றிக் கொண்டுபோகக்கூடிய அழகு. துளை போடாமல் இறுகி நிற்கும் திரைக்கம்பி, நின்று எரியும் விளக்கு, சுவரில் சாய்த்து வைக்கும் கண்ணாடி. 'வாடகை வீட்டுக்கு' என்று எழுதி ஒரு மூலையில் இவற்றைச் சேர்த்து வைத்த கடைகள் ஏன் இவ்வளவு குறைவு என்பது எனக்குப் புரியாத விஷயம். வாங்க ஆள் இருக்கிறது, பொருளும் சந்தையில் இருக்கிறது, போர்டு மட்டும் இல்லை.

கழற்றி மாட்டுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஐக்கியாவின் புகழ்பெற்ற ஃபிளாட்-பேக் யோசனை 1956-ல் ஒரு மேசையின் காலைக் கழற்றி காருக்குள் வைத்ததில் ஆரம்பித்ததாக அவர்களே சொல்கிறார்கள். இங்கே காரை விட லிஃப்ட்தான் பிரச்சினை. ஆனால் மலிவான பார்ட்டிகிள் போர்டில் திருகாணி ஏறிய துளை, இரண்டாவது முறை கழற்றி மாட்டும்போது பிடிப்பை இழக்கும். மூன்றாவது வீட்டில் வார்ட்ரோப் ஆடும். இரண்டு வருடத்தில் மாறப்போகிறவருக்கு அதை விற்கும்போது இதைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் விற்பனை போய்விடும் என்று பயப்படுபவர்கள், ஆடுகிற வார்ட்ரோப்பின் போட்டோவோடு வரும் கூகுள் ரிவ்யூவுக்கும் தயாராக இருக்க வேண்டும்.

மழைக்கு முன்னால் எல்லா ஸ்டைலும் ஒன்றுதான்

ஜப்பான்-ஸ்காண்டிநேவியா கலவை என்கிறார்கள், எளிமையான ஆடம்பரம் என்கிறார்கள். ஜூலை மாதம் சுவர் வியர்க்கும்போது எல்லாம் ஒன்றுதான். இங்கே கொஞ்சம் நின்று பிளைவுட் பற்றிப் பேசியாக வேண்டும். வீட்டு அலங்காரத்தில் அதிகப் பணம் ஏமாறும் இடம் அதுதான்.

கடையில் 'எம்ஆர் பிளை' என்று சொல்வார்கள். எம்ஆர் என்றால் ஈரப்பதம் தாங்கும், அவ்வளவுதான். தண்ணீர் தாங்கும் என்று அர்த்தம் இல்லை. காற்றில் இருக்கும் ஈரத்தைச் சமாளிக்கும். சிங்க் குழாய் சொட்டினால் உப்பிவிடும். அதற்கு மேலே பிடபிள்யூஆர், எட்டு மணி நேரம் கொதிநீரைத் தாங்குவது சோதனை. அதற்கும் மேலே பிடபிள்யூபி, கடைகளில் 'மரைன்' என்பது இதுதான். அதற்கு 72 மணி நேரம். பலகையில் ஐஎஸ் 303 என்று இருக்கிறதா, ஐஎஸ் 710 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 710 தான் மரைன் வகைக்கான இந்தியத் தர எண். மேலே ஒட்டிய லேமினேட் எவ்வளவு ட்ரெண்டியாக இருந்தாலும், உள்ளே இருக்கும் பலகையின் எண் பில்லில் வர வேண்டும்.

வீடு முழுக்க மரைன் போடச் சொல்லவில்லை. அது வீண் செலவு. சிங்க் கீழே, பாத்ரூம் சுவரை ஒட்டிய வார்ட்ரோப்பின் முதுகு, ஜன்னல் அடி, இந்த இடங்களுக்கு 710. மற்ற இடத்துக்கு அதைவிடக் குறைந்தது போதும். இப்படிப் பிரித்து எஸ்டிமேட் போட்டுக் கொடுக்கும் கடை மொத்தத் தொகையைக் கூட்டாமலே வாடிக்கையாளரின் நம்பிக்கையை வாங்கிவிடும். நம் வீடுகளில் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம் வேறு. சாமான் தரையோடு ஒட்டாமல் காலோடு இருந்தால் அதன் ஆயுள் கூடும், துடைப்பமும் அடியில் போகும்.

பெயிண்ட் கடை எப்போதோ கண்டுபிடித்த வழி

கடைக்காரர் ட்ரெண்டை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு மிக நல்ல உதாரணம், தெருமுனை பெயிண்ட் கடையில் இருக்கும் டின்டிங் மெஷின். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஷேடு உள்ள அட்டையை நீங்கள் புரட்டுவீர்கள். ஆனால் கடையில் ஆயிரம் டப்பா இருக்காது. சில வகை பேஸ் பெயிண்ட், பத்துப் பதினைந்து நிறக் குழம்பு, அவ்வளவுதான் ஸ்டாக். நீங்கள் நிறத்தைச் சொன்ன பிறகுதான் அது அந்த நிறமாக மாறுகிறது. இந்த வருடம் செம்மண், அடுத்த வருடம் வெள்ளை என்றாலும் அவருடைய முதல் முடங்காது. இத்தாலியின் பெனட்டன் நிறுவனம் ஸ்வெட்டரை முதலில் பின்னிவிட்டு, எந்த நிறம் விற்கிறது என்று பார்த்துக் கடைசியில் சாயம் போட்டதும் இதே தந்திரம்தான்.

மரச்சாமான் கடையில் இதையே எப்படிச் செய்வது? மரச்சட்டம் பேஸ் பெயிண்ட் மாதிரி. உறையும் குஷனும் நிறக் குழம்பு மாதிரி.

ஒரு கற்பனைக் கணக்கு. 400 சதுர அடி கடை, மாத வாடகை 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் இந்த வருட அலையைப் பார்த்து நாலு வெள்ளை சோஃபா எடுக்கிறார், ஒன்று 45,000. இரண்டு விற்றது, இரண்டு நின்றுவிட்டது. முடங்கியது 90,000 என்றுதான் அவர் நினைப்பார். ஆனால் ஒவ்வொரு சோஃபாவும் சுமார் 21 சதுர அடியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டுக்கும் 42. வாடகையில் அந்த இடத்தின் பங்கு மாதம் 6,300 ரூபாய். பத்து மாதம் நின்றால் 63,000. அதற்குள் வெள்ளை அழுக்காகி, பாதி விலைக்குப் போகும். அடுத்த டிசம்பரில் பான்டோன் வேறொரு நிறத்தைச் சொல்லியிருக்கும்.

அதே பணத்தில் சாம்பல் அல்லது மணல் நிறத்தில் சாதாரணத் துணி போட்ட இரண்டு சோஃபா, கழற்றித் துவைக்கும் உறைகள் நாலைந்து நிறத்தில், குஷன் கவர் ஒரு அலமாரி நிறைய என்று வைத்தால்? உறை விற்காவிட்டாலும் அது அடைப்பது ஒரு தட்டு. வாடிக்கையாளருக்கும் தீபாவளிக்கு ஒரு செட், மழைக்கு ஒரு செட். சோஃபா வாங்கியவர் பத்து வருடம் கழித்துத்தான் திரும்ப வருவார். உறை வாங்கியவர் வருடா வருடம் வருவார். இந்த இரண்டாவது வாக்கியத்துக்காகவே இதை யோசிக்கலாம்.

துணிக்கு நாம் தூரம் போகத் தேவையில்லை. பெட்ஷீட், திரை, கிச்சன் டவல் என்று வெளிநாட்டுச் சங்கிலிக் கடைகளுக்கு நெய்து அனுப்பும் ஊர் நம் கரூர்.

செம்மண்ணும் பிரம்பும் ஏற்கெனவே நம்மிடம்

இந்த அலையில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. சுட்ட மண், பிரம்பு, மூங்கில், கைத்தறி என்று உலகம் இப்போது ஆசைப்படுவதெல்லாம் நமக்குப் பாட்டி வீட்டுச் சமாச்சாரம். மாட்டுங்காவில் தாத்தா, செம்பூரில் அப்பா, சான்பாடாவில் நீங்கள் என்று நகர்ந்த குடும்பமாக இருந்தால், தாத்தா வீட்டுப் பிரம்பு நாற்காலி உங்களுக்கு நினைவிருக்கும். அது இப்போது 'ராட்டன் ஆக்சென்ட் சேர்' என்ற பெயரில் வேறு விலையில் வருகிறது.

கடைக்காரர் கவனிக்க வேண்டிய ஒரு வரி விஷயம்: 2025 செப்டம்பர் 22 முதல், முழுக்க மூங்கில், பிரம்பு, ராட்டனால் செய்த மரச்சாமான்களுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 'முழுக்க' என்பதுதான் முக்கியமான சொல். தேக்குச் சட்டத்தில் பிரம்புப் பின்னல் போட்ட நாற்காலி இந்தச் சலுகைக்குள் வருவதில்லை, மற்ற மரச்சாமானுக்கான 18 சதவீதம்தான். 10,000 ரூபாய் பொருளில் 1,300 ரூபாய் வித்தியாசம். பில் கேட்டு வாங்குபவர்கள் இதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

செம்மண் நிறத்துக்குச் சுவரையே மாற்ற வேண்டியதில்லை. தாராவி கும்பார்வாடாவில், சவுராஷ்டிராவிலிருந்து வந்து குடியேறிய மண்பாண்டக் குடும்பங்கள் தலைமுறைகளாகச் சட்டியும் தொட்டியும் அகலும் செய்கிறார்கள். வண்டி பேசி எடுத்து வந்தால் ஒரு கடையின் ஜன்னலையே அதை வைத்து நிரப்பலாம். ஒரு கடைக்காரர் ஷோரூமில் வெறும் சோஃபாவை வரிசையாக அடுக்குவதற்குப் பதிலாக, 10-க்கு 10 என்று தரையில் டேப் ஒட்டி, அதற்குள் ஒரு நிஜ சான்பாடா ஹாலை அமைத்து, ஓரத்தில் இரண்டு மண் தொட்டி வைத்தால் போதும். ஐக்கியா லட்சக்கணக்கான சதுர அடியில் செய்வதை இவர் 100 சதுர அடியில் செய்துவிடலாம். ஹாலின் அளவு மட்டும் உண்மையாக இருக்க வேண்டும்.

ஆத்தங்குடி கல் பற்றிக் கேட்பவர்களும் அதிகம். காரைக்குடிப் பக்கம், கண்ணாடிப் பலகை மேல் கையால் வார்த்து, சூளையில் சுடாமல் தண்ணீரிலும் வெயிலிலும் பதப்படுத்தும் கல் அது. துடைக்கத் துடைக்கப் பளபளப்பு ஏறும். அழகுதான். ஆனால் 7-வது மாடி ஃபிளாட்டில் தரையைப் பெயர்த்துப் போட்டால் சொசைட்டி அனுமதி, வாட்டர்புரூஃபிங், கீழ் வீட்டுக்காரரின் கூரைக் கசிவு என்று வரிசையாக வரும். ஒரு மேசை மேற்பரப்புக்கோ, பூஜை இடத்தின் அடிப்பகுதிக்கோ நாலைந்து கல் போதும். பெட்டி கணக்கில் இல்லாமல் எண்ணிக்கையில் விற்க எந்தக் கடை தயார் என்பதுதான் கேள்வி.

பவானி ஜமுக்காளத்துக்கும் பத்தமடைப் பாய்க்கும் வேறு வேலை இருக்கிறது. இரண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு, இரண்டையும் மடித்தோ சுருட்டியோ பரண் மேல் போட்டுவிடலாம். ஊர்லேர்ந்து சித்தி குடும்பம் எல்டிடியில இறங்கினா, 1 பிஎச்கே-ல ஏழு பேர் எங்கே படுப்பாங்க? சோஃபா-கம்-பெட் இரண்டு பேருக்கு. மிச்சம் ஐந்து பேர் தரையில்தான். ஜமுக்காளத்தை 'எத்னிக் ரக்' என்று சுவரில் மாட்டி விற்கும் கடைகள் இதை மறந்துவிடுகின்றன. அதைத் துவைக்கலாம், விரிக்கலாம், அதன் மேல் ஒரு குடும்பம் தூங்கலாம் என்று சொல்லி விற்றால் அதிகம் போகும்.

பெரிய கடையில் கிடைக்காத ஒரு சாமான்

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனசில்லை. நவராத்திரிக்கு முன்னால் மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் போனால் கொலு பொம்மைகளைப் பார்க்கலாம். பொம்மை வாங்கிவிடுவோம். படி? ஹாலில் ஒன்பது நாள் நிற்க வேண்டும், மிச்ச 51 வாரம் கண்ணில் படக்கூடாது. மடக்கு இரும்புப் படிகள் கிடைக்கின்றன, ஆனால் பொம்மைப் பெட்டிகளுக்கு இடம் தனியாக வேண்டும். டிவி யூனிட்டாக வருடம் முழுக்க இருந்து, இழுத்தால் மூன்று படியாகி, பொம்மைகளை உள்ளேயே வைத்துப் பூட்டும் ஒரு சாமானைத் துர்பே கடையில் எதிர்பார்க்க முடியாது, அவர்களுடைய சந்தை உலகம் முழுவதும். செம்பூர், மாட்டுங்கா, சான்பாடா, நெரூல் என்று ஹார்பர் பக்கத் தமிழ் வீடுகளை அறிந்த ஒரு ஆசாரிக்கு இது ஒரு வார வேலை. மூன்று படிக்கு மேல் வேண்டாம், சீலிங் இடிக்கும். லிஃப்டுக்குள் போகும்படி இரண்டு துண்டாகக் கழற்ற வர வேண்டும். சிங்க்கிலிருந்து தூரமாக இருப்பதால் 710 பலகைகூடத் தேவையில்லை.

நிறம் மட்டும் வெள்ளை வேண்டாம். விளக்கேற்றும் வீடு, எண்ணெய்க்கறை போகாது.